தூண்டில் இரையும் அப்பாவும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பதினோரு மணிக்கு மகள் வழிப் பேரன் கையில் வாளியோடு வந்து நின்றான். அவனுக்கு ஓசூரில் வேலை. நண்பர்களோடு புதுச்சேரிக்குப் போய், அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் தூண்டில் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் இறங்கியிருக்கிறான். மீன் ஒன்றும் இல்லை. வாளியில் மிச்ச இரை மட்டும் இருந்தது. உயிர் இறால், எண்பதுக்குக் குறையாது.

"அடுத்த வாரமும் போறோம் தாத்தா. அதுவரைக்கும் இங்க இருக்கட்டும். முடியலன்னா ஏரியில விட்டுடலாம்" என்றான்.

காரிமங்கலத்துக்கும் கடலுக்கும் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். இங்கே கடல் இறாலை ஒரு வாரம் காப்பாற்றுவதா என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் இதே தப்பைப் பத்து வயதில் நானும் செய்தவன். அது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

நான் பிறந்தது புதுச்சேரியில், படித்தது பிரெஞ்சு வழியில் என்பது என் பழைய கட்டுரைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். அங்கேயே அரசு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, மனைவியின் ஊருக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். பள்ளியில் ஒரு நாள் எங்கள் முசே கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதினார். தூண்டில் இரை என்று அதற்குப் பொருள். வாய்விட்டுப் படித்தால் 'அப்பா' என்று வரும். வகுப்பே சிரித்தது. நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் என் அப்பாவுக்கு இரை பிடிப்பதுதான் முதல் வேலை.

அப்பா ஓர் அலுவலகத்தில் பியூன். விடிவதற்கு முன்பே அரியாங்குப்பம் ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று வீச்சுவலை போடுவார். விரல் நீள இறால் இருபது எடுத்துக்கொள்வார். அதற்கு மேல் வலையில் இருந்தால் ஆற்றிலேயே விட்டுவிடுவார். வாய் அகன்ற மண்சட்டியில் பாதி அளவுக்கு அதே ஆற்றுத் தண்ணீர், மேலே நனைத்த சாக்கு. கரை போய்ச் சேரும்வரை அடிக்கடி சாக்கைத் தூக்கிப் பார்த்து, ஒன்று சோர்ந்திருந்தாலும் உடனே வெளியே எடுத்துவிடுவார்.

ஒரு சனிக்கிழமை மாலை, அப்பா அசந்துபோக வேண்டும் என்று நானும் பக்கத்து வீட்டுப் பையனும் நூறுக்கு மேல் பிடித்துவிட்டோம். அம்மா புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்த செப்புக் குடத்தைக் கழுத்துவரை நிரப்பி, எல்லாவற்றையும் அதில் போட்டுத் தட்டால் மூடி வைத்தேன். காலையில் திறந்தால் நாற்றம். ஒன்றுகூட உயிரோடு இல்லை. அப்பா அடிக்கவில்லை. கொல்லையில் குழி வெட்டிக் கொட்டினார். "தூண்டில்ல மாட்டியிருந்தா ஒரு மீனாவது வந்திருக்கும். இது எதுக்கும் இல்லாமப் போச்சு" என்றார். அன்றைக்கு அவர் தூண்டில் போடவும் போகவில்லை.

நான் செய்த பிழைகள் பின்னால்தான் விளங்கின. தண்ணீருக்குக் காற்று மேற்பரப்பு வழியாகத்தான் இறங்கும். குறுகிய வாயுள்ள குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்தும் பயனில்லை. தண்ணீர் சூடேற ஏற அதில் தங்கும் பிராணவாயுவும் குறையும். செத்த ஒன்று அழுகினால் அந்த நஞ்சு மற்றவற்றையும் கொல்லும். எல்லாவற்றுக்கும் மேல் செம்பு. வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். செம்பு கலந்த மருந்து மீனின் நோயைத் தீர்க்கும். அதே தொட்டியில் உள்ள இறாலைக் கொன்றுவிடும்.

ஆகவே வீட்டில் வைக்க வேண்டியிருந்தால் அகலமான பிளாஸ்டிக் தொட்டி, பிடித்த இடத்துத் தண்ணீர், நிழல், மீன் தொட்டிக்குப் போடும் சின்னக் காற்று மோட்டார், இவை போதும். வெயில் காலத்தில் பனிக்கட்டியை நேராகப் போடாமல், மூடிய பாட்டிலில் அடைத்து மிதக்க விடுங்கள். குழாய்த் தண்ணீரில் சமையல் உப்பைக் கரைத்தால் அது கடல் தண்ணீர் ஆகிவிடாது. குழாயில் வரும் குளோரினும் ஆகாது. தீனி போட வேண்டாம். போட்டால் தண்ணீர்தான் கெடும். இத்தனையும் செய்தாலும் ஒன்றிரண்டு நாளுக்குத்தான் நான் பொறுப்பேற்பேன். தொட்டி கொள்ளாத அளவுக்கு இறாலைக் கொட்டினால் எந்த மோட்டாரும் காப்பாற்றாது.

நான் சொல்ல வருவது இதுதான். இரையை எப்படிக் காப்பது என்ற கேள்விக்கு முன்னால், எவ்வளவு எடுப்பது என்ற கேள்வி நிற்கிறது. எத்தனை உயிரை நம்மால் காப்பாற்ற முடியுமோ, அத்தனைதான் நம் கணக்கு. இருமத்தூரில் தென்பெண்ணைக் கரையில் தூண்டிலோடு உட்காருகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொட்டாங்குச்சியில் கொஞ்சம் ஈரமண், அதில் பத்துப் பன்னிரண்டு மண்புழு, மேலே ஓர் இலை. தீர்ந்தால் கரையிலேயே கிளறி இன்னும் நாலு எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கணக்கை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழவேற்காடு ஏரியைப் பாருங்கள். இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலுக்குத் தீனியாகப் போடுவதற்காக, அங்கே சேற்றைத் தோண்டிப் புழுக்களை அள்ளுகிறார்கள். பாலிகீட்டு என்று அறிவியல் படித்தவர்கள் சொல்லும் புழு அது. மீனும் இறாலும் பறவையும் அதைத் தின்றுதான் அங்கே வாழ்கின்றன. ஏரி மீனவர்களே இதை எதிர்த்துக் குரல் கொடுத்திருக்கிறார்கள். பேரனின் வாளி அந்த அளவு பெரியதில்லை என்பது உண்மைதான். ஆனால் கிடைக்கும்போது அள்ளிக்கொள்வோம் என்ற நினைப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

ஏரியில் விடும் யோசனையை நான் முளையிலேயே கிள்ளிவிட்டேன். கடல் இறால் நம் ஏரித் தண்ணீரில் செத்துப்போகும் என்பது ஒரு பக்கம். அதோடு போகும் நோய் இன்னொரு பக்கம். 1990-களின் நடுவில் நம் கடலோர இறால் பண்ணைகளை அழித்த வெண்புள்ளி நோய், நன்னீர் இறாலையும் நண்டையும்கூடத் தொற்றக்கூடியது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டை இன்று எந்த ஏரியில் இல்லை? ஒரு தண்ணீரின் உயிரை இன்னொரு தண்ணீரில் விடுவதைத் தர்மம் என்று நினைக்கிறோம். அது தர்மம் இல்லை.

அன்று இரவு பேரனும் நானும் அகலமான தொட்டியில் இறாலை மாற்றி, பக்கத்து வீட்டு மீன் தொட்டி மோட்டாரை இரவல் வாங்கிப் போட்டோம். இரண்டு மணிவரை செத்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். விடியும்போது பாதிக்குமேல் போய்விட்டது. உயிரோடு இருந்ததை என் மனைவி தொக்கு வைத்துவிட்டாள். அப்பா இருந்திருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார். செப்புக் குடத்துக் கதையைச் சாப்பிடும்போது பேரனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

போன ஞாயிறு முகத்துவாரத்திலிருந்து போன் பண்ணினான்.

"தாத்தா, இருபது எடுத்துட்டேன். இன்னும் அஞ்சு எடுத்துக்கலாமா?"

"கூடுதல் ஒதுக்கீடு கிடையாது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.