வெயில்ல நின்னியா கண்ணு?



மார்கழி பிறந்துவிட்டது. காலை ஏழு மணி ஆகியும் திம்பம் மலை பனிமூட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. நம் சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் மல்லி வரத்து குறைந்து, கிலோ விலையை ஆயிரக்கணக்கில் பேசுகிறார்கள். பனி இறங்கினால் மொட்டு சுருங்கும் என்பது இருட்டோடு எழுந்து பூப்பறிக்கப் போகிறவர்களுக்குத் தெரியும். செடிக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று அவர்கள் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

மனுசருக்கு மட்டும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் வீதியில் ஓர் அக்கா இருக்கிறார். மகனுக்கு டொரான்டோவில் வேலை. தினமும் காலை காபி முடிந்ததும் வீடியோ கால். "சாப்டியா கண்ணு? நல்லாத் தூங்குனியா?" அவனும் "ஆச்சும்மா" என்பான். அக்காவுக்கு நிம்மதி.

போன டிசம்பரில் அந்த நிம்மதி போய்விட்டது. "லீவு நாள்ல மத்தியானம் வரைக்கும் தூங்கறான். ரொட்டியும் சாக்லேட்டுமாத் தின்னு உடம்பு போட்டிருச்சு. நாலு வார்த்தை சேர்ந்தாப்புலப் பேசறதில்லை. குளிர் ஊருக்குப் போய் சோம்பேறியாயிட்டானுங்க" என்று கண் கலங்கினார்.

எனக்கு அது சோம்பலாகப் படவில்லை.

நார்மன் ரோசன்தால் என்றொரு மனநல மருத்துவர். தென்னாப்பிரிக்காவில், வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஜோகன்னஸ்பர்க்கில் வளர்ந்தவர். 1976இல் நியூயார்க் போனார். குளிர்காலம் வந்ததும் உடம்பும் மனசும் ஒடுங்கின. வெயில் திரும்பியதும் தானாகத் தெளிந்தன. பிறகு இதே தொந்தரவு உள்ளவர்களைச் சகாக்களோடு சேர்ந்து ஆராய்ந்து, 1984இல் இதை ஒரு நோயாகப் பெயரிட்டு எழுதினார். பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் மனச்சோர்வு.

காரணம் பெரும்பாலும் வெளிச்சக் குறைவுதான் என்கிறார்கள். காலை ஒளி கண்ணில் பட்டதும் 'விடிந்தது' என்று மூளை அறிகிறது. தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு அடங்குகிறது. டிசம்பர் கடைசியில் நமக்குப் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். டொரான்டோவில் 9 மணி நேரம்கூட இல்லை. லண்டனில் 8 மணி நேரத்துக்கும் குறைவு. நார்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலை வேலைக்குப் போய்க் குடியேறிய ஈழத்தமிழர்கள், சூரியனே எழாத வாரங்களைக் கடந்து வாழ்ந்திருக்கிறார்கள்.

இதில் நம் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மனச்சோர்வு என்றால் சோறு இறங்காது, தூக்கம் வராது என்றுதானே நினைக்கிறோம்? குளிர்காலச் சோர்வில் பலருக்கு நேர்மாறாக நடக்கும். தூக்கம் கூடும். இனிப்பும் மாவுப்பண்டமும் கேட்கும். ஆள் ஒதுங்கிப் போவார். ஆக, சாப்டியா தூங்குனியா என்று கேட்டால், நோயே "ஆச்சும்மா" என்று பதில் சொல்லிவிடும்.

நம் ஊரில் இந்த அளவுக்கு இருட்டு கிடையாது. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் மோடம் போட்டு மழை பிடித்தால் வீடே சுணங்குகிறதே? முழங்கால் வலிக்குப் பயந்து அப்பத்தா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பார். ஜன்னலும் சாத்தியிருக்கும். டியூப் லைட் எரியும் அறையில் சில நூறு லக்ஸ் வெளிச்சம்தான். மேகம் மூடிய பகலிலும் வாசலில் அதைப்போலப் பல மடங்கு கிடைக்கும். மார்கழியில் கோலம் போட்டுச் சாணத்தில் பூசணிப்பூ வைத்த கையோடு உள்ளே ஓடிவிடாமல், வெயில் ஏறும்வரை அப்பத்தாவைத் திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள். கூட உட்கார்ந்து பேசவும் ஓர் ஆள் வேண்டும். அதை நான் வெளிச்சத்துக்குக் குறைந்ததாக நினைக்கவில்லை.

வெயிலே கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு 10,000 லக்ஸ் விளக்குகள் இருக்கின்றன. காலையில் அரைமணி நேரம் போல அதன் முன் உட்காருவார்கள். கண் நோய் உள்ளவர்களும், மனநலத்துக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். இரண்டு வாரமாகியும் சோர்வு விலகவில்லை என்றாலோ, வாழ்ந்து என்ன பயன் என்கிற பேச்சு வந்தாலோ தயவுசெய்து காத்திருக்காதீர்கள். இங்கே இருப்பவர்கள் டெலி மானஸ் மனநல உதவி மையத்தின் 14416 எண்ணில் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். சுகர், பிரஷருக்கு டாக்டரிடம் போவது போலத்தானே இதுவும்?

அந்த அக்காவிடம் இவ்வளவும் சொன்னேன். மகன் அங்கே டாக்டரைப் பார்த்தான். அக்கா தன் பங்குக்கு வீடியோ கால் பேசும் நேரத்தை மாற்றினார். நமக்குக் காலை ஏழு என்றால் அவனுக்கு முந்தின நாள் இரவு எட்டரை. அசந்துபோய் வீட்டுக்குள் கிடக்கும் நேரம். இப்போது சாயங்காலம் ஆறரைக்குக் கூப்பிடுகிறார். அங்கே காலை எட்டு, வெயில் எட்டிப் பார்க்கும் நேரம். அவன் பஸ்ஸுக்கு நடந்துகொண்டே பேசுகிறான்.

"வெயில்ல நின்னியா கண்ணு?" என்கிறார் அக்கா. அவன் ஃபோனைத் திருப்பிக் காட்டுகிறான். பனி மூடிய ரோட்டின் மேல் மஞ்சளாகக் கொஞ்சம் வெயில். இங்கே அக்கா அப்போதுதான் விளக்கு வைத்திருப்பார்.