குச்சுக்குமா ஆங்கிலம்?

பொறிக்குள் புகுந்தால் தமிழ் மூச்சடைத்துப் போகும் என்று கற்றவரே கூசாமல் கூறித் திரிகின்றனர். இப் பொய்யை ஒரே ஒரு கருவியை முன்வைத்து மறுப்போம். மருத்துவர் அணியும் கையுறையைச் செய்யும் ஆலையில் 'பிரசு' என்று வழங்குகின்றார்களே, அக் கருவியே போதும்.

அவ்வாலையில் சுடுமண்ணால் ஆகிய கையச்சுகள் இருப்புத் தொடரில் தொங்கி ஓயாது நகர்கின்றன. காடியிலும் காரத்திலும் நனையும் அவற்றைச் சுழலும் மயிருருளைகள் தேய்க்கின்றன, நீர் கழுவுகின்றது. பின்னர் அவை உறைபொருளில் தோய்ந்து உலர்ந்து, மரப்பாலிலோ செயற்கைப் பாலிலோ மூழ்கி எழும். பாலுக்கு உறையூற்றும் நம் பெண்டிர்க்கு இதில் விளங்காதது யாது? படிந்த பால் முற்றும் உலருமுன் வேறு மயிருருளைகள் அதன் விளிம்பை மெல்லச் சுருட்டும். நாம் இழுத்து மாட்டும்போது கையுறை கிழியாமல் காப்பது அச் சுருளே. வெந்நீர்க் கழுவலும் சூட்டறை வேக்காடும் முடிந்தபின் உறையை உரித்தெடுப்பர்.

மயிர் தேய்ந்துபோனால் அச்சில் பழங்கசடு தங்கும். கசடு தங்கிய இடத்தில் அடுத்த உறையில் ஊசித்துளை விழும். அத் துளைவழியே நோயாளியின் குருதி மருத்துவர் விரலைத் தொடும். விளிம்பு சுருட்டும் மயிரோ விறைப்பு மிகுந்தால் ஈரப் படலத்தையே கிழித்துவிடும். இத்துணைப் பொறுப்புடைய கருவிக்குத் தமிழில் பெயரில்லையாம்!

'தூரிகை' என்பார் சிலர். அது ஓவியன் விரலிடைத் தவழ்வது. நாளெல்லாம் காடிநீரில் உழல்வதற்கு அப்பெயர் எங்ஙனம் பொருந்தும்? ஆலையை எட்டியும் பாராமல் நாற்காலியில் இருந்தபடியே சொல்லாக்கினால் தொழிலாளி நகைப்பான், 'பிரசு' வென்றுவிடும். பகைவர் செய்த கேடு பாதி, நம்மவர் மடிமை பாதி.

தறிக்குச் செல்லுங்கள். பாவுக்குக் கஞ்சி தடவி இழை நீவும் கருவியை நெசவாளர் 'குச்சு' என்றனர். 'பாவாற்றி' என்றும் பெயருண்டு. உழைக்கும் மயிர்க்கருவிக்கு உழைப்பாளி இட்ட பெயர் இது. கழுவுவது கழுவுகுச்சு, விளிம்பைச் சுருட்டுவது சுருட்டுகுச்சு. மயிர் நைலானே ஆயினும் குச்சு குச்சுதான்.

2020-இல் உலகின் தொய்வக் கையுறைகளுள் பாதிக்கு மேல் மலேசியாவில் உருவாயின. அங்குள்ள ஆலைகளில் இன்று நேபாளரும் வங்காளதேசத்தாரும் மிகுதி. ஆனால் அம் மண்ணில் முன்பே மரம் சீவி உடல் தேய்ந்தவர் நம் தமிழர். எழுத்தறியாத அவர் அம் மரத்தைப் 'பால்மரம்' என்றனர். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' என்னும் புதினப் பெயர் அச் சொல்லையே தாங்கி நிற்கின்றது. நம் படிப்பாளிகளோ 'ரப்பர்' என்பதன்முன் ஓர் இகரத்தை ஒட்டி 'இரப்பர்' என்று எழுதித் தமிழாக்கிவிட்டதாக மகிழ்கின்றனர். இரப்பர் என்றால் பிச்சை எடுப்பர் என்பதே பொருள்! சொல்லுக்கு இரந்து நிற்போர்க்கு அது பொருந்தும்போலும்.

எச் சொல்லாயினும் வேலை நடந்தால் போதாதா என்று வினவுவார் உளர். யாருக்குப் போதும்? தமிழர் உழைக்கும் ஆலையில் காடித்தொட்டியருகே ஆங்கில எச்சரிக்கை தொங்கினால், ஊரிலிருந்து நேற்று வந்த இளைஞன் அதை எப்படிப் படிப்பான்? மயிர் தளர்ந்ததை ஒருமுறை தொட்டே அறிந்துகொள்கின்றான் பழந்தொழிலாளி. அதை மேலாளரிடம் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லத் தடுமாறும்போது, அறியாதவன் என்று ஒதுக்கப்படுகின்றான். கைக்கு அறிவிருந்தும் வாய்க்குச் சொல் மறுக்கப்பட்டது, கொடுமை அதுவே.

மக்கள் வழக்குச் சொற்களைத் திரட்டுக என்று பாவாணர் வற்புறுத்தினார். செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலிக்கென அரசு 1974-இல் இயக்ககமே அமைத்தது. எனினும் ஆலைக்குள் இன்னும் நாம் நுழையவில்லை. தொழிற்பயிற்சி தரும் ஆசிரியர்கள் சுவடியோடு முதலில் தறிக்கும், பிறகு ஆலைக்கும் செல்லட்டும். 'குச்சு சுழல்கின்றது, கை நீட்டாதே' என்று எழுதித் தொங்கவிடட்டும். அதற்கு அரசாணை வேண்டா. ஒரு பலகையும் சிறிது மையும் போதும்.