ஊறுதல் வேறு, காய்ச்சுதல் வேறு

சித்தூர், திருப்பதி மாவட்டச் செய்திகளில் மீண்டும் மீண்டும் வரும் படம் ஒன்று உண்டு. மலையடிவாரத்தில் கவிழ்க்கப்பட்ட நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்கள், மண்ணில் ஓடும் பழுப்புக் கரைசல், அருகே ஆயத்தீர்வைத் துறையினர். தெலுங்கு நாளேடு அக்கரைசலைப் 'பெல்லம் ஊட்ட' என்று எழுதும். எல்லைக்கு இப்பாலுள்ள தமிழ் நாளேடு 'ஊறல்' என்று எழுதும். இரண்டும் ஒரே திராவிட வேரில் முளைத்த சொற்கள். அதே வேரிலிருந்துதான் தமிழின் 'ஊறுகாய்', தெலுங்கின் 'ஊரகாய' ஆகியவையும் வந்தன. சமையலறையில் மதிக்கப்படும் வினை, அதே டிரம்மில், அதே நுண்ணுயிர் உலகின் துணையோடு காட்டோரம் நிகழும்போது குற்றமாகிறது. அக்குற்றத்தின் எல்லை எங்கே வரையப்பட வேண்டும் என்பதே கேள்வி.

மக்கள் மொழி இவ்விடத்தில் மிகத் துல்லியமானது. கள்ளை 'இறக்குவார்கள்'. ஊறலைப் 'போடுவார்கள்'. சாராயத்தைக் 'காய்ச்சுவார்கள்'. மூன்று வினைகள், மூன்று தொழில்நுட்பங்கள், மூன்று வேறுபட்ட ஆபத்துகள். 1968ஆம் ஆண்டின் ஆந்திர ஆயத்தீர்வைச் சட்டம் கள்ளுக்கு மட்டும் தனி வழி வைத்திருக்கிறது. மற்ற இரண்டையும் 'உற்பத்தி' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது. உரிமமின்றி மது உற்பத்தி செய்வதும், அந்நோக்கத்துடன் கலனையும் கருவியையும் வைத்திருப்பதும் குற்றம். வீட்டு மூலையில் 20 லிட்டர் வாளியில் பார்லிச் சாற்றை நொதிக்க விடுபவரும், வாலையில் எரிசாராயம் வடிப்பவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே வினையைச் செய்கிறார்கள்.

ஆனால் நெருப்பு எப்போது மூட்டப்படுகிறது என்பதில் இருவருக்கும் இடையே அடிப்படை வேறுபாடு உண்டு. பீரில் நெருப்பு முதலில் வருகிறது. முளைகட்டிய தானியத்தின் சாற்றைக் கொதிக்க வைத்து, ஆற்றி, அதன் பின்னரே ஈஸ்ட் சேர்க்கப்படுகிறது. ஈஸ்ட் தரும் ஏறத்தாழ 5 விழுக்காடு ஆல்கஹாலோடு வேலை முடிகிறது. சாராயத்தில் நெருப்பு இறுதியில் வருகிறது. ஊறிய கரைசலைக் காய்ச்சி, ஆவியைக் குளிர்வித்து, ஆல்கஹாலைச் செறிவாக்குகிறார்கள். முதல் நெருப்பு தூய்மை செய்கிறது. இரண்டாம் நெருப்பு வீரியம் ஏற்றுகிறது.

தொண்டை நாட்டுக்கு இது புதிய அறிவன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் கூழை அகன்ற வாய்க் கலத்தில் ஆற்றி, முளையிலிருந்து செய்த மாவைக் கலந்து, இரு பகலும் இரு இரவும் வலிய வாயுடைய சாடியில் முதிரவிட்டுப் பிழிந்தெடுக்கும் மதுவை விவரிக்கிறது. கொதிப்பு, குளிர்வு, முளைமாவு, மூடிய கலம், வடிகட்டல் என்ற இந்த வரிசை இன்றைய வீட்டு பீர்க்காரரின் வரிசைக்கு மிக நெருக்கமானது. நெல்லால் வீட்டில் சமைத்த கள்ளுக்குத் 'தோப்பி' என்ற தனிப்பெயரே இருந்தது. வேங்கடத்தைப் பாடும் மாமூலனாரின் அகநானூற்றுப் பாடலில் நறவு பண்டமாற்றுப் பொருளாகவே வருகிறது. அந்தச் சாடி இன்று 'ஜாடி' என்ற பெயரில் ஊறுகாயோடு சமையலறையில் நிற்கிறது. அதன் மற்றொரு பணி பிளாஸ்டிக் டிரம்முக்குப் போய்விட்டது.

கலம் மாறியபோது என்ன மாறியது? மண்கலம் வியர்க்கும், அதனால் உள்ளிருப்பது குளிரும். பிளாஸ்டிக் வியர்க்காது. பீருக்குப் பயன்படும் பெரும்பாலான ஏல் வகை ஈஸ்ட்கள் 18 முதல் 22 பாகை செல்சியஸில் நன்கு வேலை செய்பவை. திருப்பதியின் கோடை 40 பாகையைத் தாண்டும். அவ்வெப்பத்தில் நொதித்தல் விரைந்து நடந்து, தலைவலியும் காரநெடியும் தரும் உயர் ஆல்கஹால்கள் மிகும். வாளியை நீர்த்தொட்டியில் நிறுத்தி ஈரத்துணி சுற்றுவது எளிய மாற்று. மண்பானையின் வியர்வையைத் துணிக்குக் கொடுப்பதுதான் அது. வெப்பத்தைத் தாங்கும் நார்வே நாட்டுப் பண்ணை ஈஸ்டான குவைக்கைப் பயன்படுத்துவது மற்றொரு வழி.

வீட்டு வடிப்பு சட்டபூர்வமாக உள்ள நாடுகளில் பிளாஸ்டிக் வாளியைத் திருத்தியமைப்பது தனிக்கலையாகவே வளர்ந்துள்ளது. மூடியில் துளையிட்டு, ரப்பர் வளையம் பொருத்தி, நீர் நிரம்பிய காற்றுப்பூட்டு ஒன்றைச் செருகுகிறார்கள். 20 லிட்டர் பீர் 5 விழுக்காடு ஆல்கஹாலை எட்டும்போது ஏறத்தாழ 400 லிட்டர் கரியமில வாயு வெளியேறுகிறது. போக வழியில்லையெனில் மூடி தெறிக்கும். வழி திறந்தே கிடந்தால் காற்றும் ஈயும் புகுந்து காடியாகும். அடியிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில் குழாய் வைக்கிறார்கள், வண்டல் கீழே தங்குவதற்காக. துளையின் விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்கி, வாஷர் இட்டு, முதலில் வெறும் நீரை இரவு முழுதும் நிறுத்திக் கசிவு பார்க்கிறார்கள். உட்புறத்தைக் கம்பி நார் கொண்டு தேய்ப்பதில்லை. கீறல் விழுந்தால் நுண்ணுயிர்கள் அதில் குடியேறும், எந்தக் கழுவலும் அவற்றை எட்டாது. ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் சிறிது சிறிதாக உயிர்வளியை உள்ளே விடும் இயல்புடையது. ஆதலால் சில வாரங்களுக்கு மேல் பீரை அதில் வைப்பதில்லை.

இந்த அறிவு முழுவதும் வெளிச்சத்தில் வளர்ந்தது. பிரிட்டன் 1963இல் வீட்டு பீருக்கான உரிமத்தை நீக்கியது. அமெரிக்கா 1978இல் சட்டம் இயற்றி, வயது வந்த இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன் வரை அனுமதித்தது. இரு நாடுகளிலும் விற்பனைக்கு அனுமதி இல்லை. வீட்டில் சாராயம் காய்ச்சுவதற்கு அவை இடம் தரவில்லை. அதாவது அச்சட்டங்கள் ஊறுதலையும் காய்ச்சுதலையும் பிரித்தறிந்தன.

சித்தூரின் டிரம் இருளில் நிற்கிறது. வெல்லத்துக்குப் பெயர்பெற்ற மாவட்டம் இது. கருப்பு வெல்ல விற்பனை பற்றிய வழக்குகள் உயர்நீதிமன்றம் வரை சென்ற மாநிலம் இது. வெல்லம் எங்கே போகிறது என்று அரசு கேட்டிருக்கிறது. டிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதில்லை. ஊறுகாய் நிறுவனத்தின் டிரம் உணவுத்தரப் பாலிஎத்திலீனுக்கான ஐஎஸ் 10146 தரத்தையும், 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிகளையும் நிறைவுசெய்ய வேண்டும். ஊறல் டிரம்மில் முன்பு உணவு எண்ணெய் இருந்ததா, அமிலமா, கரைப்பானா என்று கேட்பார் இல்லை. பிளாஸ்டிக் தான் சுமந்த கரைப்பானை உறிஞ்சி வைத்துப் பின்னர் கசியவிடக்கூடியது. புளித்த, ஆல்கஹால் நிறைந்த கரைசலில் அக்கசிவு எளிதாகும். சோதனையில் டிரம் உடைக்கப்படுகிறது. உடைபடாத டிரம்மிலிருந்து குடித்தவரின் உடல் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அது ஒழுக்கவாதிகளிடமிருந்து வருவதன்று, பெண்களிடமிருந்து வருவது. 1992இல் அண்டை மாவட்டமான நெல்லூரின் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புப் பெண்கள் தொடங்கிய போராட்டம்தான் 1993 அக்டோபரில் மாநிலம் முழுவதும் அரக்குத் தடையையும், 1995இல் முழு மதுவிலக்கையும் கொண்டுவந்தது. கூலி குடியில் கரைவதையும், வீடு அடிதடியில் உடைவதையும் கண்டவர்கள் அவர்கள். 'வீட்டிலேயே வடிக்கலாம்' என்ற சலுகை, குடிக்கும் ஆணை வீட்டுக்குள்ளேயே உட்கார வைப்பதாக முடியுமே என்ற அவர்களது அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் அப்போராட்டம் எதை எதிர்த்தது என்பதையும் நினைவுகொள்ள வேண்டும். 'வாருண வாகினி' என்ற பெயரில் 1980களில் அரசே சாராயத்தைப் பிளாஸ்டிக் பொட்டலங்களில் ஊர்தோறும் கொண்டுசேர்த்தது. ஏலக் குத்தகையும் விற்பனை வலையுமே அப்பெண்களின் எதிரிகள். முழு மதுவிலக்கு 1997இல் தளர்த்தப்பட்டது. அதற்கும் முன்பு, சேலத்தை அடுத்து 1938இலேயே மதுவிலக்கைக் கண்ட மாவட்டம் சித்தூர். தடை வந்து போனது, ஊறல் போகவில்லை. 2025இல் 'நவோதயம் 2.0' என்ற பெயரில் அரசு மீண்டும் நாட்டுச் சாராய ஒழிப்பைத் தொடங்க வேண்டியிருந்தது.

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டோர் இறந்ததும், 2023இல் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் நேர்ந்த சாவுகளும் ஊறலின் விளைவுகள் அல்ல; தொழிற்சாலை மெத்தனால் மதுவாக விற்கப்பட்டதன் விளைவுகள். தானியமோ வெல்லமோ வாளியில் நொதித்து அந்த அளவு மெத்தனாலை உண்டாக்காது. கொன்றது இருளில் நடந்த வணிகம். ஊறலையும் அதே இருளுக்குள் தள்ளும் சட்டம் அவ்வணிகத்துக்கே வாடிக்கையாளரைச் சேர்க்கிறது.

இந்தியாவிலேயே வேறு வழிகள் உள்ளன. சத்தீஸ்கரில் பழங்குடியினர் வீட்டுத் தேவைக்கு இலுப்பைப்பூ மது வைத்துக்கொள்ள விலக்கு உண்டு. அசாமின் டிமாசா மக்களது அரிசி மது 'ஜூடிமா' 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. கேரளம் 2022இல் பழங்களிலிருந்து சிறிய அளவில் ஒயின் செய்ய விதிகள் வகுத்தது. சில மணிப் பயணத் தொலைவிலுள்ள பெங்களூரில் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் உரிமத்தோடு நடக்கும் அதே நொதித்தல், குப்பத்தில் பிளாஸ்டிக் வாளியில் நடந்தால் வழக்காகிறது.

ஆந்திரம் செய்யக்கூடியது சிறியது, தெளிவானது. காய்ச்சுதல் குற்றமாகவே நீடிக்கட்டும். விற்பனைக்கும் இடம் வேண்டாம். வீட்டுத் தேவைக்கான நொதித்தலை ஓர் அளவுக்குள் சட்டத்தில் தனியாக வரையறுக்கலாம். கலம் புதிதாகவும் உணவுத்தரமாகவும் இருக்க வேண்டும் என்று விதிக்கலாம். இவ்வனுமதி ஓர் ஊரில் நடைமுறைக்கு வரலாமா என்ற முடிவை அவ்வூரின் டுவாக்ரா மகளிர் குழுக்களிடம் விடலாம். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதுவே இறுதி. குடியின் சுமையைத் தாங்கியவர்களுக்கு அதன் எல்லையை வரையும் உரிமை இருப்பதுதான் முறை.

மூன்று வினைகளை மூன்றாகவே பேசிவரும் மக்கள் மொழியிடமிருந்து சட்டம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு வேறுபாடு. அவ்வேறுபாட்டை ஏற்கும்வரை நீல டிரம்கள் கவிழ்ந்துகொண்டே இருக்கும். அவற்றில் என்ன இருந்தது, அதைக் குடித்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் எவரும் கேட்கமாட்டார்.