மாடு நலமாக இருக்கும்போதே மருத்துவரைத் தேடுக

வெள்ளிக்கிழமை காலையில் ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தைக்குச் சென்று சிறிது நேரம் நின்று பார்ப்போர் ஓர் உண்மையை அறிவர். ஆடு வாங்க வந்தவர் அதன் பல்லைப் பார்க்கிறார், முதுகைத் தடவிப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், பத்து ரூபாய் குறைப்பதற்கு அரைமணி நேரம் வாதாடுகிறார். இவ்வளவு விழிப்புள்ள அதே மனிதர், அந்த ஆட்டுக்கு நாளை நோய் கண்டால் யாரிடம் செல்வது என்பதைப் பற்றி ஒரு நிமிடமும் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த மறதிக்கு நம் அங்கத்தினர்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் விலை பெரிது. அதனைக் குறித்தே இம்மாதம் எழுத விரும்புகிறோம்.

சங்கத்திற்கு வரும் மனுக்களில் ஒரு வாசகம் அடிக்கடி காணப்படுகிறது: “கறவை மாடு இறந்துவிட்டது, தவணை செலுத்த அவகாசம் வேண்டும்.” விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். முதல் நாள், தானே சரியாகிவிடும் என்று காத்திருந்தார்கள். இரண்டாம் நாள், ஊசி போடத் தெரிந்த ஒருவரை அழைத்தார்கள். மூன்றாம் நாள், வேறொருவர் வந்து வேறொரு ஊசி போட்டார். நான்காம் நாள், கடன் வாங்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஆயினும், “டாக்டரிடம் போனோம், இத்தனை ஆயிரம் ஆயிற்று, மாடும் பிழைக்கவில்லை” என்றே ஊரில் பேச்சு. முதல் மூன்று நாள்களின் செலவும் பிழையும் நான்காம் நாளின் தலையில் ஏற்றப்படுகின்றன.

ஒரு நெசவாளர் குடும்பத்தில் நடந்ததை நாம் அறிவோம். கணவர் தறியில்; மனைவி மாட்டைக் கவனித்து வந்தார். பால் பணத்தில்தான் பிள்ளைகளின் படிப்பு நடந்தது. ஒருநாள் மடியில் வீக்கம் கண்டது. வந்தவர் ஊசி போட்டார், பணம் பெற்றார், சென்றார். என்ன நோய், என்ன மருந்து என்று கூறவில்லை. “கேட்க நாக்கு எழவில்லைங்க ஐயா” என்றார் அந்த அம்மையார். இரண்டு காம்புகள் வற்றிப்போயின. வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மாட்டை விற்றார்கள். மாட்டுக்குக் கடன் கொடுத்த சங்கமோ, “உங்கள் மாட்டுக்கு மருத்துவர் யார்?” என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆகவே குற்றத்தில் நமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொண்டே மேலே எழுதுகிறோம்.

முதலில் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் முறை. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, கால்நடை மருத்துவத்தில் பட்டம் பெற்று, கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவரே மருத்துவம் செய்ய உரிமை உடையவர். அவருக்குப் பதிவு எண் உண்டு. அதனைக் கேட்பது அவமரியாதை அன்று. முறையாகப் பயின்றவர் அதனைப் பெருமையோடு காட்டுவார். கால்நடை ஆய்வாளர்களும் கருவூட்டல் பணியாளர்களும் செய்யத்தக்க வேலைகள் பல உள்ளன. அவர்களை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் நோய் அறிந்து மருந்து குறிப்பதும், அறுவை செய்வதும் மருத்துவரின் பொறுப்பு.

இரண்டாவது, அவர் ஊசியை எடுக்குமுன் மாட்டைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். நல்ல மருத்துவர் வெப்பமானி வைத்துப் பார்ப்பார். மடியைத் தொட்டுப் பார்ப்பார். என்ன தீனி போட்டீர்கள், எப்போது ஈன்றது, சாணம் எப்படி உள்ளது என்று கேட்பார். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே ஊசியில் மருந்தை ஏற்றுகிறவர் நோய்க்கு மருந்து கொடுப்பவர் அல்லர். நம் அச்சத்திற்கு மருந்து கொடுப்பவர்.

மூன்றாவது, மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தருகிறாரா? அடுத்து வரும் மருத்துவருக்கு அச்சீட்டு வழிகாட்டி. எதிருயிரி மருந்து கொடுத்திருந்தால், எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்பதையும் அவர் சொல்லவேண்டும். டைக்ளோபினாக் என்னும் வலிமருந்து கால்நடைகளுக்குப் பயன்படுத்தலாகாது என்று 2006-இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அம்மருந்து ஏற்றப்பட்ட மாடுகளின் பிணத்தைத் தின்ற கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததே காரணம். பெயர் தெரியாத ஊசியில் எது இருந்தது என்று யார் அறிவார்?

நான்காவது, செலவு எவ்வளவு ஆகும், பிழைக்கும் வாய்ப்பு எத்தகையது என்பதை முன்கூட்டிச் சொல்கிறாரா? “இதற்குமேல் செலவு செய்ய வேண்டாம்” என்று சொல்லும் துணிவுடையவரே நம் பணத்தைத் தம் பணமாக மதிப்பவர். தம்மால் இயலாததை வேலூருக்கோ, சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ அனுப்பத் தயங்காதவர் இன்னும் நல்லவர்.

இதற்கு அங்கத்தினர்கள் கூறும் மறுமொழியை நாம் அறிவோம். “படித்தவர் பகலில் இருப்பார்; இரவு இரண்டு மணிக்குக் கன்று மாட்டிக்கொண்டால் யார் வருவார்? கூப்பிட்டால் மோட்டார் சைக்கிளில் ஓடி வருகிறவர் அந்த ஊசிக்காரர்தானே!” பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமங்களில் வாழ்வோர்க்கு இது வாதம் அன்று, வாழ்க்கை. ஓடி வருகிறவரின் உதவியை நாம் இகழவில்லை. ஆனால் அவரைத் தவிர வேறு வழியில்லாத நிலைமையை நாமே உண்டாக்கிக்கொள்ளலாமா? மாடு நலமாக இருக்கும்போதே மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை சென்று, மருத்துவரை அறிந்து, அவர் இருக்கும் நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் குறித்து வைத்தோமானால், பாதி இரவுகள் பகலாகிவிடும். 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கால்நடை ஊர்தியின் உதவியைக் கோரலாம் என்பதையும் தொழுவத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

இனிச் செலவுக்கு வருவோம். கால்நடைச் செலவைக் குறைக்கும் வழி மருத்துவரிடம் போகாதிருப்பது அன்று, நோயிடம் போகாதிருப்பது. இதற்கு நம் பகுதியிலேயே சான்று உள்ளது. இன்று தனி மாவட்டமாகிவிட்ட இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவரும் நிலையம், கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தடுப்பு மருந்து செய்து தருகிறது. ஒரு காலத்தில் தொழுவம் தொழுவமாகக் காலி செய்த வெக்கை நோய் இன்று எங்கே? 2006-இல் இந்தியா அந்நோயற்ற நாடென்று ஏற்கப்பட்டது. 2011-இல் உலகமே அதனின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. விலையுயர்ந்த சிகிச்சை எதுவும் அதனை வெல்லவில்லை. எல்லாரும் சேர்ந்து, ஊர் விடாமல், மாடு விடாமல் போட்ட தடுப்பூசி வென்றது. கூட்டுறவின் தத்துவத்திற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் உண்டோ?

கோமாரி நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு செலவில் தடுப்பூசி போடப்படுகிறது. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டம் அது. கிடாரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் கருச்சிதைவு நோய்க்கான ஊசியும் அத்திட்டத்திலேயே உண்டு. இருந்தும், இரண்டு நாள் பால் குறையும் என்று முகாமன்று மாட்டைக் காட்டுக்கு ஓட்டிவிடுவோர் நம்மிடையே இருக்கின்றனர். இரண்டு நாள் பாலைக் காத்து ஈற்றுக்காலம் முழுவதையும் இழப்பது என்ன கணக்கு? அவருடைய மாடு நோயை வாங்கினால் பக்கத்துத் தொழுவத்திற்கும் கொடுக்கும் என்பதையும் அவர் எண்ணவேண்டும்.

ஆடு வளர்ப்போர் துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் மருத்துவரைக் கேட்டு உரிய பருவத்தில் தடுப்பூசி போடவேண்டும். சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றைக்கே மந்தையில் சேர்க்காமல் மூன்று வாரம் தனியே கட்டுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு முளைக்குச்சியும் ஒரு முழக் கயிறுமே. குடற்புழு நீக்க மருந்தையும் மாதம் தவறாது ஊற்றவேண்டியதில்லை; சாணத்தைச் சோதித்து, மருத்துவர் சொல்லும் காலத்தில் கொடுத்தால் போதும்.

மடிநோயை முதலிலேயே காண நெசவாளருக்கு எளிய கருவி வீட்டிலேயே உண்டு. கருநிறத் துணித்துண்டில் முதல் பீச்சைப் பாய்ச்சிப் பாருங்கள். திரி திரியாகத் தென்பட்டால் நோய் தொடங்கிவிட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகை முறை இந்நிலையில் பலருக்குக் கைகொடுத்துள்ளது. கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்து, மடியை நன்றாகக் கறந்து கழுவியபின் நாளில் பலமுறை தடவுவது அது. ஆனால் காய்ச்சல் கண்டாலும், தீனி எடுக்காவிட்டாலும், மடி கல்லாகிவிட்டாலும் மருந்தரைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அது மருத்துவரின் நேரம்.

வீட்டு நாயையும் மறக்கவேண்டாம். தறிக்கூடத்தையும் கழனியையும் காக்கும் நாய்க்குச் செலவா என்று கேட்போர் உளர். குட்டிக்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியும், பின்னர் ஆண்டுக்கொரு முறையும் போடுவது நாய்க்காக மட்டும் அன்று, நம் குழந்தைகளுக்காக. வெறிநோயின் அறிகுறி மனிதரிடம் தோன்றிவிட்டால் காப்பாற்றுவது அனேகமாக இயலாது. கடிபட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தடுப்பூசியின் விலையை எதனோடு ஒப்பிடுவது என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் சூழ்ந்த தோல் நாட்டில் வாழ்கிறோம். உண்ணியும் அம்மையும் சூட்டுக்கோலும் விட்ட வடு தோலின் தரத்தைக் குறைக்கும் என்பது இங்குச் சிறுவருக்கும் தெரியும். அதைவிடப் பெரியது ஒன்றுண்டு. நலமாயிருந்த மாடு திடீரென்று விழுந்திறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் கசிந்தால், அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அம்மாட்டை உரிக்கலாகாது, அறுக்கலாகாது. தோலுக்குக் கிடைக்கும் சில நூறு ரூபாய்க்காகக் கத்தி வைத்தால், நோய் உரித்தவர் உடலில் ஏறும். அதன் வித்து மண்ணில் பல ஆண்டு உறங்கிக் கிடந்து, பின்னர் மேயும் மாட்டைப் பிடிக்கும். மருத்துவரை அழையுங்கள்; அவர் ஒரு துளி இரத்தம் எடுத்து நோயை உறுதி செய்வார். பின்னர் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பதே வழி.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். தேசியக் கால்நடை இயக்கத்தின்கீழ் 2024-இல் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவின்படி, பிரீமியத்தில் உரியவர் செலுத்தவேண்டிய பங்கு 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் காதில் வில்லை இல்லையேல் காப்பீட்டுத் தொகையும் இல்லை. பதிவு பெற்ற மருத்துவரின் சான்றும் வேண்டும். இங்கும் மருத்துவரை முன்னரே அறிந்தவனே பயனடைகிறான்.

இவை தனித்தனியே செய்யத்தக்கவை. சேர்ந்து செய்யத்தக்கது ஒன்றுண்டு. அதுவே நம் கோரிக்கை. சங்கம் ஒரு கால்நடை நிதியைத் தொடங்கவேண்டும். நூறு குடும்பங்கள் மாதம் 50 ரூபாய் செலுத்தினால் மாதத்திற்கு 5,000 ரூபாய், ஆண்டிற்கு 60,000 ரூபாய் சேரும். பதிவு பெற்ற மருத்துவர் ஒருவரை மாதத்தில் குறிப்பிட்ட ஒரு நாள் வரவழைக்கலாம். மருந்தை மொத்தமாக வாங்கலாம். ஒவ்வொரு மாட்டுக்கும் ஓர் ஏடு வைத்து, ஊசி போட்ட நாள், சினைப்பிடித்த நாள், கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதலாம். அறுவை போன்ற பெருஞ்செலவு வரும்போது வட்டியில்லா முன்பணம் கொடுக்கலாம். மாட்டுக்கடன் விண்ணப்பத்தில் “மருத்துவர் யார்?” என்ற ஒரு வரியையும் சேர்க்கலாம்.

ஐம்பது ரூபாய் எல்லோர்க்கும் எளிதன்று என்பதை உணர்வோம். தறி நிற்கும் மாதத்தில் அது பெரிய தொகையே. அதற்காகவே இதனை நன்கொடையாகக் கேட்கவில்லை, நிதியாகக் கேட்கிறோம். செலுத்த இயலாத மாதத்தைப் பின்னர் ஈடுசெய்ய இடமளிக்கும் விதிகளைப் பேரவை வகுக்கட்டும். கணக்கை ஒவ்வொரு மாதமும் இவ்வேட்டிலேயே வெளியிடட்டும்.

அடுத்த கூட்டத்தில் இது பேசப்படும்போது அங்கத்தினர்கள், குறிப்பாகத் தொழுவத்தைத் தம் கையால் காக்கும் பெண்மக்கள், வந்திருந்து தம் கருத்தைக் கூறுவார்களாக. கேட்க நாக்கு எழாத அம்மையார் இனி ஒருவரும் நம் சங்கத்தில் இருத்தலாகாது.