டி.வி.க்கு இரவல் குரல்

பெங்களூர் எஸ்.பி. ரோடில் கிடைக்காத எலெக்ட்ரானிக் சாமான் இல்லை என்பார்கள். அங்கே சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி விலைபோகிறது. பெயர் 'டாக்'. புதிய டி.வி. பேசும் டிஜிட்டல் பாஷையை, வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய ஸ்டீரியோவுக்குப் புரியும்படி மொழிபெயர்ப்பது அதன் வேலை.

இந்த துபாஷி தேவைப்படுவதற்குக் காரணம், டி.வி. இளைத்துவிட்டது. 1981இல் பெங்களூர் தூர்தர்ஷன் வந்தபோது வீட்டுக்குள் நுழைந்தது நிஜமாகவே ஒரு பெட்டி. பிக்சர் டியூபுக்காக உடம்பு பெருத்திருந்ததால் ஸ்பீக்கருக்கும் தாராளமாக இடம் இருந்தது. இன்றைய தட்டை டி.வி.யில் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ முணுமுணுக்கின்றன. படம் பிரமாதம், குரல்தான் கம்மிவிட்டது.

அவதி பெரியவர்களுக்கு. வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சான, உயர் அதிர்வெண் ஒலிகளை. சொல்லுக்குச் சொல் வித்தியாசம் காட்டும் மெய்யொலிகள் பலவற்றின் அடையாளம் அங்கேதான் இருக்கிறது. ஆகவே தாத்தாவுக்குச் சத்தம் கேட்கிறது, வசனம் புரிவதில்லை. வால்யூமைக் கூட்டினால் பின்னணி இசையும் கூடவே அலறுகிறது. பிள்ளையின் வேலைக்காக ஊரைவிட்டு வந்து, ஒயிட்ஃபீல்ட் அடுக்ககத்தில் பாஷை தெரியாமல் பகலைக் கழிக்கும் தமிழ்ப் பெரியவருக்குப் பேச்சுத் துணையே அந்த டி.வி.தான்.

கேசட்டோடு ஓய்வுபெற்ற ஸ்டீரியோ இங்கே உதவிக்கு வருகிறது. ஸ்பீக்கர்களை டி.வி.யின் இரு பக்கமும் காது உயரத்தில் வைத்து, 'பாஸை' இறக்கி, 'டிரெபிளை'ச் சற்றே ஏற்றினால் வசனம் தெளியும். செட்டாப் பாக்ஸின் பின்னால் சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருந்தால் டாக்கூட வேண்டாம். ஒரு கேபிள் போதும். ஆம்ப்ளிஃபயரில் அதைச் சொருக வேண்டிய இடம் 'ஆக்ஸ்'. 'ஃபோனோ' இசைத்தட்டுக்கானது, அதில் சொருகினால் ஒலி கரகரத்துச் சிதையும்.

டி.வி.யிலேயே ஓ.டி.டி. பார்க்கிறவர்களுக்குத்தான் டாக். அதற்கு ஒலியைக் கொண்டுவரும் ஆப்டிகல் இணைப்பு, 1983இல் தோஷிபா கொண்டுவந்த பழைய சரக்கு. இணைத்தும் சத்தமே வராவிட்டால் டாக்கைத் திட்ட வேண்டாம். டி.வி.யின் ஒலி அமைப்பில் 'டால்பி'யை மாற்றி 'பி.சி.எம்.' வைத்தால் பெரும்பாலும் பேசிவிடும். ப்ளூடூத் வசதியானது, ஆனால் தாமதிக்கும். ஒலி படத்துக்குப் பிந்துவது சுமார் 125 மில்லி விநாடியை எட்டினாலே பார்ப்பவர் உணர்ந்துவிடுவார் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. அதைத் தாண்டினால் கதாநாயகி வாயை மூடிய பிறகு வசனம் வரும்.

பழைய பிக்சர் டியூப் டி.வி. இன்னும் ஓடுகிற வீடுகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அவற்றில் பல, டிரான்ஸ்ஃபார்மர் தடுப்பு இல்லாமல் மெயின்ஸ் மின்சாரத்தை நேரே சேஸிஸுக்கு விட்டவை. பின்மூடியைக் கழற்றி ஸ்பீக்கர் ஒயரிலிருந்து ஸ்டீரியோவுக்கு இழுத்தால், ஆம்ப்ளிஃபயரின் உலோக உடம்பிலேயே 230 வோல்ட் வந்து நிற்கலாம். தொட்டவர் பிழைப்பது அதிர்ஷ்டம். அந்த டி.வி.க்குக் கம்பெனியே வைத்த ஆடியோ அவுட் துளை இல்லையென்றால், அதைத் தொடாமல் செட்டாப் பாக்ஸிலிருந்து ஒலியை எடுத்துக்கொள்ளலாம்.