குட்டிநாய் குழந்தைக்கா, பெருமைக்கா?

திருவண்ணாமலையை அடுத்த செங்கம் வட்டாரத்தில் எடத்தனூர் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரில் கிடைத்த நடுகல் ஒன்று மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டினது. எருமைகளைக் காக்கும் பூசலில் பொருது மாய்ந்த கருந்தேவக்கத்தி என்னும் மறவனுக்கு எடுத்த கல் அது. அக்கல்லில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். கள்ளர் இருவரைக் கடித்து அது காத்து நின்ற செய்தியை வட்டெழுத்தில் வெட்டி வைத்தனர் அன்றைய தமிழர். உடன் வாழ்ந்த வாயில்லா உயிரையும் பெயர் சொல்லிக் கல்லில் நிறுத்திய மண் இது.

அதே மண்ணில் இன்று என்ன நடக்கின்றது? திருவூடல் தெருவிலும் தேரடித் தெருவிலும் தாமரை நகரிலும் பெற்றோர் சிலர், "பிள்ளைகளுக்கு ஒரு சின்ன நாய் வாங்க வேண்டும், எந்த இனம் நல்லது?" என்று உசாவித் திரிகின்றனர். உசாவுதல் நன்றே. ஆயின் அவர்தம் உசாவலுக்கு விடை தருவோர் யாவர்? விற்போரும், தொலைக்காட்சி விளம்பரமும், அடுத்த வீட்டாரின் வீண் பெருமையுமே. பிள்ளையின் அகவை என்ன, வீட்டின் அகலம் என்ன, ஊரின் வெப்பம் என்ன, நாயோடு இருக்க வீட்டில் யார்க்கு நேரமுண்டு என்னும் நான்கு வினாக்களை ஒருவரும் எழுப்புவதில்லை. இனத்தின் பெயர் அயல்நாட்டுப் பெயராகவும் உடல் மடியில் அடங்குவதாகவும் இருந்துவிட்டால் போதும். அது "குழந்தைகளுக்கு ஏற்ற நாய்" ஆகிவிடுகின்றது!

இம்மயக்கம் வந்த வழியையும் காணல் வேண்டும். 2003-ஆம் ஆண்டில் அட்ச் என்னும் கைப்பேசி நிறுவனம் ஒரு சிறுவன் பின்னால் பக் இன நாயொன்று ஓடிவரும் விளம்பரத்தை வெளியிட்டது. விற்றது தொலைபேசித் தொடர்பு. நாடெங்கும் விலையேறியதோ பக் நாய்! அதற்கு முன் பொமரேனியன் என்ற பெயரில் வெண்மயிர் நாய்கள் வீடுதோறும் புகுந்தன. அவற்றுட் பெரும்பாலன உண்மைப் பொமரேனியனும் அல்ல. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் இங்கு உருவான இந்திய இசுபிட்சு என்னும் இனம். நாயின் இனப்பெயர் கூடத் தெரியாமலே நாய்க்குப் பணம் கொடுத்தவரை என்னென்பது!

"சிறிய நாய், ஆதலால் தீங்கில்லாதது" என்பதே இவ்வாணிகத்தின் முதலீடு. அம்முதலீடு பொய் என்பதை ஒவ்வோர் இனமாக எடுத்துப் பார்த்தால் விளங்கும்.

முதலாவது, பக். நாய்க்கு மாந்தனைப் போல் மேனியெல்லாம் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி மூச்சிரைத்தே அது உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். பக்கிற்கோ மூக்கு குறுகி, மூச்சுவழி நெரிந்து கிடக்கின்றது. கத்திரி வெயிலில் 40 பாகையை எட்டும் திருவண்ணாமலையில், பகலெல்லாம் சூடேறிய மலைப்பாறை இரவிலும் அனல் கக்கும் ஊரில், அந்நாய் படும் பாடு என்ன? பிள்ளைகள் மாலையில் அதனோடு ஓடி ஆட நினைப்பர். அதுவோ பத்தடி ஓடுமுன் குறட்டையிட்டு மூச்சுக்குத் திணறும். பிதுங்கிய கண் எளிதில் புண்படும்; முகமடிப்புகளில் ஈரம் தங்கிப் புண்ணாகும். தமிழ்நாட்டரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இந்நாட்டு வெப்பத்திற்கு ஒவ்வா இனங்களுள் பக்கையும் வைத்தது. அக்கொள்கையின் மேல் வழக்கு எழுந்தது. வழக்கு எவ்வாறாயினும் அந்நாயின் மூக்கு நீளப் போவதில்லை. அண்ணாமலையின் வெயிலும் குறையப் போவதில்லை.

இரண்டாவது, பொமரேனியன். பால்டிக் கடலோரக் குளிர்நாட்டின் பெயரைத் தாங்கியது. இரட்டை மயிர்ப் போர்வை உடையது. அவ்வினத்தின் முன்னோர் பேருடல் கொண்ட பனிநாட்டு நாய்கள். 1888-இல் விக்டோரியா அரசி இத்தாலியினின்று சிறிய நாயொன்றைக் கொண்டு சென்ற பின்னரே, சிறுத்ததை மேலும் சிறுக்கச் செய்யும் பித்து ஆங்கிலேயரைப் பற்றியது. ஓர் அரசியின் மடிக்காக ஓரினமே குறுக்கப்பட்டது. அம்மடியின் நினைவை இன்றும் தமிழன் தன் திண்ணையில் மயிர் சீவிக்கொண்டிருக்கின்றான்! அந்நாய் விழிப்பு மிக்கது, அறிவுள்ளது, மறுப்பதற்கில்லை. ஆயின் ஓசைக்கு அஞ்சுவது, ஓயாது குரைப்பது. முழுநிலா தோறும் மலைசுற்றும் பல்லாயிரவர் கடந்துசெல்லும் ஊரில், தீபத் திருநாளின் வெடியோசைக்கு நடுவில், அதற்கும் அமைதியில்லை, வீட்டாருக்கும் அமைதியில்லை.

மூன்றாவது, மெக்சிகோ நாட்டின் சிவாவா. உள்ளங்கை நாய் என்பர். மூன்று கிலோவும் தேறாத அவ்வுடலை நான்கு அகவைக் குழந்தை தூக்கித் தவறவிட்டால் எலும்பு முறியும். பலவற்றிற்கு மண்டையோட்டின் உச்சி முழுதும் மூடாமலே இருக்கும். பொம்மையென எண்ணிக் குழந்தை கையில் கொடுப்பது பொம்மை அன்று, உயிர்.

நான்காவது, செர்மனியின் டாக்சண்டு. வளைக்கரடியை வளைக்குள் புகுந்து வேட்டையாட வளர்த்த இனம். முதுகு நீண்டது, கால் குட்டையானது. தாவினாலும் தவறாகத் தூக்கினாலும் முதுகெலும்பு இடைத்தட்டு பிதுங்கிப் பின்கால்கள் முடங்கக்கூடும். அமெரிக்கப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சீறுதலிலும் கடித்தலிலும் முன்னின்ற இனங்கள் டாக்சண்டும் சிவாவாவும் சாக் ரசல் டெரியரும் ஆகும். மூன்றும் சிற்றினங்களே! "சிறியது தீங்கற்றது" என்போர் இதற்கு என்ன மறுமொழி சொல்வர்?

"சின்ன நாய் கடித்தால் என்ன ஆகிவிடும்?" என்பதே அவர்தம் மறுமொழி. அவ்வொரு சொல்லில்தான் குழந்தையின் உயிரே தொங்குகின்றது. வளர்ந்தவரை நாய் கடித்தால் காலில் கடிக்கும். தவழும் பிள்ளையைக் கடித்தால் முகத்தில் கடிக்கும். நாயின் வாயும் குழந்தையின் முகமும் ஒரே உயரத்தில் இருப்பதே கரணியம். வெறிநாய்க்கடி நோய் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 உயிர்களைக் கொள்கின்றது. அந்நோய் ஐயமுள்ள விலங்குகளிடம் கடிபட்டோருள் நூற்றுக்கு 40 பேர் 15 அகவைக்கு உட்பட்ட பிள்ளைகள் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. நோய்க்குறி தோன்றிய பின் காக்கும் மருந்து இல்லை. 1885-இல் லூயி பாசுட்டர் ஒன்பது அகவைச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் தடுப்பூசியிட்டுக் காத்தார். அவர் பெயரால் 1907-இலேயே தமிழ்நாட்டின் குன்னூரில் ஒரு நிலையம் எழுந்தது. நூறாண்டுக்கு மேலாகத் தடுப்பூசி அறிந்த நாட்டில், "வீட்டு நாய்தானே, ஊசி எதற்கு?" என்று ஒரு பெற்றோர் கேட்பாராயின், அவர் நாய் வளர்க்கத் தகுதியற்றவர். வீட்டு நாயும் தெருவிற்குச் செல்லும். தெரு நாயோடு மோதும். மூன்று திங்களில் முதல் ஊசியும் பின் ஆண்டுதோறும் ஊசியும் கட்டாயம். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 மணித்துளி கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் புண்ணில் அப்புவது மடமை.

இனி மறுபக்கத்தையும் காண்க. நாயினால் குழந்தைக்கு வரும் தீங்கினும் குழந்தையால் நாய்க்கு வரும் துன்பம் சிறியதன்று. ஐந்து அகவைக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு அணைப்பதற்கும் நெரிப்பதற்கும் வேறுபாடு தெரியாது. வாலை இழுக்கும், காதைத் திருகும், உண்ணும் கலத்தில் கை வைக்கும், உறங்குவதன்மேல் விழும். நாய் உடனே கடிப்பதில்லை. முதலில் முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும், ஒதுங்கிச் செல்லும், பின்னரே உறுமும். உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. உறுமியதற்காக அதனை அடிப்பவர் எச்சரிக்கை மணியை அறுத்தெறிகின்றார். அடுத்த முறை நாய் உறுமாது, கடிக்கும். ஆகவே, எவ்வினமாயினும், எத்துணைச் சிறிதாயினும், ஐந்து அகவை நிரம்பாப் பிள்ளையையும் நாயையும் தனியே விடலாகாது. அருகிருந்து காக்க ஆளில்லாத வீட்டிற்கு ஏற்ற நாய் இவ்வுலகில் பிறக்கவேயில்லை.

தாயும் தந்தையும் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின் பூட்டிய வீட்டில் எட்டு மணிநேரம் அடைபட்டுக் கிடக்கும் நாய் யாருடைய அன்பிற்குச் சான்று? நாயின் வாழ்நாள் 12 முதல் 15 ஆண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அடம்பிடித்து வாங்கிய நாய், அப்பிள்ளை கல்லூரி முடிக்கும் நாளிலும் உயிரோடிருக்கும். பிள்ளையின் விருப்பம் மூன்று திங்களில் தீர்ந்துவிடும். அதன்பின் அந்நாய்க்கு வாய்ப்பது மாடிப்படியடிச் சங்கிலி. அல்லது ஓர் இரவில் மலைசுற்றும் பாதையில் இறக்கிவிடப்படும் கொடுமை.

இங்குத் தமிழ் இன நாய்களைப் பேசாது விடலாகாது. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தமிழ்நிலத்தின் செல்வங்கள். இராசபாளைய நாய்க்கு 2005-இல் அஞ்சல்தலையே வெளியிடப்பட்டது. ஆயினும் தமிழினம் என்னும் ஒன்றற்காகவே வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த அவற்றைத் தொட்டில் ஆடும் குறுகிய வீட்டிற்குள் கட்டிப்போடுவதும் அறியாமையே. அவற்றிற்கு ஓட நிலம் வேண்டும். பழக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இராசபாளைய நாய்களிற் சில பிறவிச் செவிடாதலும் உண்டு. உண்மையை மறைத்துப் போற்றுவது பற்றாகாது. தமிழ்ப்பற்று கண்ணைத் திறக்க வேண்டுமே அன்றி மூடலாகாது.

பின் எந்த நாய்தான் ஏற்றது? விடை வீட்டு வாயிலிலேயே படுத்திருக்கின்றது. அதனைத் தெருநாய் என்று கல்லெறிந்து துரத்துகின்றனர். அதுவே இந்நிலத்தின் நாட்டுநாய். குறுமயிர், நடுத்தர உடல், நீண்ட மூக்கு, இவ்வெயிலுக்கும் இம்மழைக்கும் பல தலைமுறையாகப் பழகிய உடற்கட்டு. ஓரினத்துள்ளேயே கூட்டிக் கூட்டி வந்த பிறவிக்குறைகள் அதற்குக் குறைவு. திருவண்ணாமலையில் இதற்குச் சான்று தேடித் திரிய வேண்டுவதில்லை. இரமணர் கந்தாச்சிரமத்தில் வாழ்ந்த நாளில் கமலா என்னும் பெண்ணாய், புதிதாய் வந்தோர்க்கு முன்னே நடந்து மலையின் சுனைகளையும் கோயில்களையும் காட்டி மீண்டு வந்ததாக அவர் வரலாறு கூறுகின்றது. அவரிடம் வளர்ந்த சாக்கி என்னும் நாயின் கல்லறை இன்றும் இரமணாச்சிரமத்தில் உள்ளது.

எனினும் நாட்டுநாய் என்பதால் எக்குட்டியையும் தூக்கி வரலாகாது. எட்டு வாரம் தாயோடும் உடன்பிறப்போடும் இருந்த குருளையே கடியின் அளவை அறிந்திருக்கும். அச்சத்தால் ஒடுங்குவதும் சீறிப் பாய்வதும் இன்றி, ஆளைக் கண்டால் அருகே வரும் குருளையைத் தேர்க. கால்நடை மருத்துவரிடம் காட்டிப் புழுமருந்தும் ஊசியும் உரிய அகவையில் கருத்தடையும் செய்க. பிள்ளைக்கு ஆறேழு அகவை ஆனபின் கொணர்க.

இறுதியாக ஒன்று. அயலின நாயை வாங்கிய வீட்டில் அயன்மொழியும் உடன் நுழைகின்றது. அம்மாவை மம்மி என்று விளிக்கப் பழகிய பிள்ளை, நாயை டாமி என்று விளித்து "கம், சிட், கோ" என்று ஏவுகின்றது, பெற்றோர் பூரிக்கின்றனர். நாய்க்கு ஆங்கிலந்தான் விளங்கும் என்று எந்த நாய் சொல்லிற்று? அது அறிவது ஓசையும் முகக்குறிப்பும் மாறாப் பழக்கமுமே. "வா, இரு, விடு, போ" என்னும் தமிழ்ச் சொற்களினும் சுருங்கிய ஏவல் எம்மொழியில் உண்டு? நாயின் குட்டியைக் குருளை என்றும் பெண்ணாயைப் பிணவு என்றும் மரபியலில் வகுத்து வைத்தது தொல்காப்பியம். "நாய்க்கு என்ன பெயர் வைத்தால் என்ன?" என்று எள்ளுவோர் உளர். நாய்க்கு ஒன்றுமில்லை, உண்மை. இழப்பு அதனை நாளும் விளிக்கும் பிள்ளைக்கே. அன்பு செலுத்தவும் ஆணையிடவும் தாய்மொழி தகாது என்று அப்பிள்ளை கற்றுக்கொள்கின்றதே, அதுவே இழப்பு.

தமிழ்ப் பெற்றோர் எண்ணுக! காக்க ஆளும், நடத்திச் செல்ல நேரமும், பதினைந்தாண்டுப் பொறுப்பேற்க நெஞ்சும் இல்லையேல் நாய் வேண்டா, மறுப்பதும் அன்பே. அவை மூன்றும் இருப்பின் அயல்நாட்டுக் குறுமூக்கைத் தேடிப் பல்லாயிரம் உருபா கொட்ட வேண்டா. தெருமுனையில் பசித்து நிற்கும் குருளை ஒன்றை எடுத்து வளர்க்க! அதற்குத் தமிழில் பெயர் சூட்டுக! ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் இம்மண்ணில் கல்லிலேறிய கோவிவனுக்கு அதனினும் நன்றிக்கடன் வேறில்லை.