தூக்கை எடுத்துக்கொண்டு டாங்ராவுக்கு

நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்போது ஒரு புதுப் பழக்கம். மாலை ஏழு மணிக்கு வாசல் மணி அடித்தால், விருந்தாளி வந்திருக்கிறார் என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் சொல்லியனுப்பிய பர்கரோ பீட்சாவோ அட்டைப் பெட்டியில் வந்து நிற்கிறது. என் வீடும் இதற்கு விலக்கல்ல.

சென்ற ஆண்டு, பத்து வயதுப் பேரனுக்கு ஈரலில் கொழுப்பு படியத் தொடங்கியிருப்பதாக மருத்துவர் சொன்னார். அன்று மாலை மருமகளிடம் கோபித்துக்கொண்டேன். "இந்த வெளிச் சாப்பாட்டை நிறுத்தும்மா. உன் மாமியார் இருந்தவரைக்கும் வாரம் தவறாமல் சேவை பிழிஞ்சு போடுவாளே" என்றேன். அவள் அலுவலகப் பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. "செய்யலாம் மாமா. நாழியை யார் பிழியறது? நீங்க பிழியறீங்களா?" என்றாள். ரயில்வே பணிமனையில் 38 ஆண்டுகள் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவன், அன்று வாயடைத்துப் போனேன்.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், வாரம் ஒரு நாளாவது வெளியே வாங்கத்தான் வேண்டியிருக்கும். வாங்கலாமா கூடாதா என்ற சண்டையை விட்டுவிட்டு, எதை, எங்கே, எப்படி வாங்குவது என்று யோசிப்பதே மேல். என் விடை: கண்ணெதிரே வாணலியில் புரட்டித் தரும் புது நூடுல்ஸ். கொல்கத்தாவாசிகளான நமக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

நூடுல்ஸ் என்றதும் பாக்கெட்டை நினைக்க வேண்டாம். 1958-இல் ஜப்பானில் மொமோஃபுகு ஆண்டோ அறிமுகப்படுத்திய உடனடி நூடுல்ஸ், வேகவைத்த மாவிழையை எண்ணெயில் பொரித்து ஈரத்தை விரட்டும் முறை. அதனால்தான் மாதக்கணக்கில் கெடுவதில்லை. பொரித்த எண்ணெயும் அதிலேயே தங்கிவிடுகிறது. டாங்ராவிலும் டிரெட்டி பஜாரிலும் சீனர்கள் செய்யும் புது நூடுல்ஸ் வேறு. மாவு, தண்ணீர், உப்பு, சிலவற்றில் முட்டை. இழை குழையாதிருக்க நம் அப்பளக்காரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு பொருள். பிசைந்து, தகடாகத் தேய்த்து, இழை இழையாக வெட்டுகிறார்கள். நாம் அச்சில் பிழிகிறோம், அவர்கள் கத்தியால் வெட்டுகிறார்கள். பணிமனையில் இருந்தவன் கண்ணுக்கு வித்தியாசம் அவ்வளவுதான்.

மைதா மைதாதான், அதை மருந்து என்று சொல்ல வரவில்லை. ஆனால் கோஸும் கேரட்டும் பீன்ஸும் சரிபாதி போடச் சொன்னால் போடுவார்கள். எண்ணெயைக் குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள். பெட்டியில் மூடி வரும் பர்கரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?

சில எச்சரிக்கைகளும் உண்டு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 2 கிராம் உப்பு இருக்கிறது. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே சாஸில் கை அடக்கம் வேண்டும். சைவர்கள், முட்டை சேர்ந்த இழையா, வாணலி தனியா என்று முன்பே கேட்டுவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் பையில் வாங்காமல், வீட்டு எவர்சில்வர் தூக்கை எடுத்துப் போங்கள். வந்தவுடன் சாப்பிட்டுவிடுங்கள், மறுநாளைக்கென்று மேசைமேல் மூடி வைக்காதீர்கள்.

இன்னொரு காரணமும் சொல்வேன். அந்தக் கடைக்காரர்களும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்களின் வழிவந்தவர்களே. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பட்ஜ்பட்ஜுக்கு அருகே டாங் அச்சியூ என்ற சீனர் சர்க்கரை ஆலை வைத்தார். அவர் பெயரால்தான் அந்த இடம் இன்றும் அச்சிப்பூர். 1962 போரை அடுத்து, சீன வம்சாவளியினர் பலர் ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். பிறகு எத்தனையோ குடும்பங்கள் கனடா போன்ற நாடுகளுக்குப் போய்விட்டன. டாங்ராவின் தோல் பதனிடும் ஆலைகளை இடம் மாற்ற 1996-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மிஞ்சியவர்களில் பலருக்குச் சமையல்தான் கைகொடுத்தது. வந்த ஊரில் தன் அடுப்பை அணையாமல் காப்பது எவ்வளவு பாடு என்பது நமக்குத் தெரியாதா? நாம் கொடுக்கும் காசு அந்த அடுப்புக்குப் போகட்டும்.

இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நானும் பேரனும் தூக்கோடு டாங்ரா போகிறோம். இரண்டு நிறுத்தம் முன்னதாகவே பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கிறோம். மற்ற ஞாயிறுகளில், பரணிலிருந்து இறக்கிய சேவை நாழி. மருமகள் மாவு கிளறித் தருகிறாள், பிழிவது நான்தான். நான்கு ஈடு முடிவதற்குள் தோள் விட்டுப் போகிறது.

இத்தனை ஆண்டு பிழிந்தவள் ஒரு நாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.